காற்றாலைத் துறை: மண்டபத்திலிருந்து எழுதிய தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ படிக்கும் தங்கள் மகள் கடல் காற்றாலைத் துறைக்குச் செல்ல விரும்புவதாகவும், அது கோபுரம் ஏறிப் பழுது பார்க்கும் வேலைதானே என்று தாங்கள் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த வேலையும் உண்டு. ஆனால், கணிதத்தில் அவருக்குள்ள ஆர்வத்தைப் பார்க்கும்போது, காற்றாலையைக் கடந்த பிறகு காற்று என்ன ஆகிறது என்று கணக்கிடும் பணியே அவருக்கு ஏற்றதாகத் தெரிகிறது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தீவின் மறைவில் படகை நிறுத்துவதன் பயனைத் தாங்கள் அறிவீர்கள். சுழலும் இறக்கைகளுக்குப் பின்னாலும் காற்று அப்படியே வேகம் குறைகிறது. கூடவே சுழன்று குழம்பவும் செய்கிறது. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடியை (வேகம் × வேகம் × வேகம்) பொறுத்தது என்பதால், வேகம் 10 சதவீதம் குறைந்தால் ஆற்றல் ஏறக்குறைய 27 சதவீதம் குறைந்துவிடும். கடல்பரப்பு நிலத்தைப் போல மேடுபள்ளமாக இல்லாததால், மேலிருந்து புதிய காற்று கலந்து இழந்த வேகம் மீள்வதற்கும் அங்கே அதிகத் தொலைவு ஆகிறது. டென்மார்க்கில் 2002-இல் அமைந்த ஹார்ன்ஸ் ரெவ் கடல் காற்றாலைப் பண்ணையின் 80 காற்றாலைகளுக்கிடையே இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டத்தைப் போல் ஏழு மடங்கு, அதாவது 560 மீட்டர் இடைவெளி உண்டு. அப்படியிருந்தும் காற்று வரிசையோடு நேராக வீசும்போது பின்வரிசைகளின் உற்பத்தி குறைகிறது.

இதற்கு ஒரு வழி, முன்வரிசைக் காற்றாலையின் முகத்தைக் காற்றுக்கு நேராக வைக்காமல் சில பாகைகள் திருப்பிவைப்பதாகும். அதன் சொந்த உற்பத்தி சற்றுக் குறையும். ஆனால் வலுவிழந்த காற்று பக்கவாட்டில் விலகிச் செல்வதால் பின்னிருப்பவை கூடுதலாக ஈட்ட, மொத்தத்தில் ஆதாயம் கிடைக்கக்கூடும். காற்றின் திசை அடிக்கடி மாறினால் இந்த ஆதாயம் கைவிட்டுப் போகும். திரும்பி நிற்பதால் இறக்கைகளின் மீது விழும் சுமையும் மாறும். எவ்வளவு திருப்புவது, எப்போது திருப்பாமலே விடுவது என்று முடிவு செய்யப் பாய்ம இயக்கவியல் (காற்றும் நீரும் பாயும் விதத்தை ஆராயும் இயல்), புள்ளியியல், கணினி நிரலாக்கம் மூன்றும் தெரிந்தவர்கள் வேண்டும். இந்தப் பணியில் பெரும்பகுதி கரையில், கணினியின் முன் நடப்பது.

ஆகவே, கலந்தாய்வில் 'புதுப்பிக்கத்தக்க ஆற்றல்' என்ற பெயரை மட்டும் பார்த்து இளநிலையிலேயே குறுகிய பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இயந்திரவியல் அல்லது வானூர்திப் பொறியியல் படித்துவிட்டு, முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதி, முதுநிலையில் காற்றாற்றலையோ சென்னை ஐஐடியில் உள்ளதைப் போன்ற கடல்சார் பொறியியலையோ எடுக்கலாம். காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியிலேயே இயந்திரவியல் இருப்பதால் தொலைவும் செலவும் பெருந்தடையாக இரா.

மன்னார் வளைகுடாவில் கடல் காற்றாலைத் திட்டம் எப்போது நிறைவேறும் என்ற தங்கள் கவலை நியாயமானதே. 2024-இல் மத்திய அரசு குஜராத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தலா 500 மெகாவாட் கடல் காற்றாலைக்கு நிதியுதவி ஒப்புதல் அளித்தது. ஆனால் ஒரே திட்டத்தை நம்பி நான்காண்டுப் படிப்பை முடிவு செய்யக் கூடாது. இதே கணக்கு முப்பந்தலில் நிலத்தில் நிற்கும் காற்றாலைகளுக்கும் பொருந்தும் என்பதால் அவருடைய திறன் வீணாகாது.

தேர்வு முடிந்ததும் அவர் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைக் கற்கட்டும். அமெரிக்க தேசிய ஆய்வகம் ஒன்று இலவசமாக வெளியிட்டுள்ள ஃபுளோரிஸ் என்ற மென்பொருளில் இரண்டு காற்றாலைகளை அடுத்தடுத்து நிறுத்தி, முன்னதைச் சிறிது சிறிதாகத் திருப்பி, மொத்த உற்பத்தி எப்படி மாறுகிறது என்று அவரே பார்க்கலாம். அதில் ஆர்வம் நீடிக்கிறதா என்று கவனித்த பிறகு விருப்பப் பட்டியலை நிரப்புங்கள்.