மருத்துவ ஆப்கள் கேட்கும் அனுமதிகள்: பெங்களூரு நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஒயிட்ஃபீல்டில் மொபைல் ஆப்களில் பாதுகாப்பு ஓட்டை தேடுவது என் வேலை. அதிகமும் மருத்துவ ஆப்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அல்சூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: தம்பி, சர்க்கரை பார்க்கும் மெஷினோட ஆப் லொகேஷன் கேட்கிறது. எதுக்கு?

நல்ல கேள்விம்மா. அந்த மெஷின் ப்ளூடூத் வழியாகப் போனோடு பேசுகிறது. ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை, அருகில் இருக்கும் ப்ளூடூத் கருவிகளைத் தேடவே லொகேஷன் அனுமதி வேண்டும். பக்கத்தில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்பதை வைத்தே ஆள் இருக்கும் இடத்தைக் கணித்துவிடலாம், அதனால்தான் அந்த விதி. ஆண்ட்ராய்டு 12 முதல் இதற்குத் தனி அனுமதி வந்துவிட்டது. போன் பழசு என்றால் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று கொடுங்கள். புதுசு என்றால் மறுத்துப் பாருங்கள், பெரும்பாலும் மெஷின் இணைந்துவிடும். கான்டாக்ட்ஸ் கேட்டால் மட்டும் எந்தப் போனிலும் கொடுக்காதீர்கள். சர்க்கரை பார்க்க உறவுக்காரர்கள் நம்பர் தேவையே இல்லை.

கே.ஆர்.புரம்: நடை எண்ணும் ஆப் ஒன்று வைத்திருக்கிறேன். பாதுகாப்பானதா?

பெயரை வைத்துச் சொல்ல முடியாது. செட்டிங்ஸில் அதற்கு என்னென்ன அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். கான்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

மடிவாளா, மாணவி: பீரியட்ஸ் குறிக்கும் ஆப்பை நம்பலாமா அண்ணா?

யோசித்துத் தேர்ந்தெடும்மா. ரகசியமாக வைப்போம் என்று சொல்லிவிட்டு, பயனர்களின் விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக ஃப்ளோ என்ற பீரியட்ஸ் ஆப் மீது அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2021இல் அது சமரசத்தில் முடிந்தது. கணக்கு தொடங்கச் சொல்லாமல், போனிலேயே சேமிக்கும் ஆப் நல்லது.

சிவாஜிநகர், கடைக்காரர்: எனக்கு சர்க்கரைன்னு ஊருக்கே தெரியும். மறைக்க என்ன இருக்கு?

ஊருக்கு நீங்களே சொன்னீர்கள் ஐயா. உங்களைக் கேட்காமல் இன்னொருவர் சொல்வது வேறு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்த கே.எஸ்.புட்டசாமி நம் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர்.

மறுபடியும் அவரே: கோர்ட்டெல்லாம் சரி தம்பி. என் சர்க்கரையை வெச்சு எவன் என்ன பண்ணுவான்?

நானே பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு லேப் என் ரிப்போர்ட்டுக்கு லிங்க் அனுப்பியது. அதன் கடைசியில் ஒரு எண். அதில் ஒன்றைக் கூட்டினேன், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் ரிப்போர்ட் திறந்தது. பெயர், வயது, போன் நம்பர், டாக்டர் பெயர் எல்லாம் இருந்தது. உடனே மூடிவிட்டு லேபுக்குச் சொன்னேன், சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. அது ஒரு மோசடிக்காரன் கையில் கிடைத்திருந்தால்? டாக்டர் பெயரையும் டெஸ்ட் தேதியையும் சரியாகச் சொல்லி, 'ரிப்போர்ட்டில் சிக்கல், பணம் கட்டுங்கள்' என்பான். பயந்திருக்கும் வீட்டில் யார் மறுப்பார்கள்? அப்புறம், பரம்பரை நோய் பற்றிய ரிப்போர்ட் உங்கள் பிள்ளைகளைப் பற்றியும் பேசும். அவர்களுக்கும் சேர்த்து நீங்கள் 'பரவாயில்லை' சொல்ல முடியாது ஐயா.

ஹெப்பால்: தூக்கம் பார்க்கும் ஆப் பாதுகாப்பானதா?

கே.ஆர்.புரத்துக்குச் சொன்னதேதான். கான்டாக்ட்ஸ் கொடுக்காதீர்கள்.

ஜெயநகர்: ஆப்பை நீக்கினால் தகவலும் போய்விடுமா?

போகாது. போனில் இருப்பதுதான் போகும், ஆப் நிறுவனத்தின் சர்வரில் இருப்பது அப்படியே இருக்கும். முதலில் ஆப்புக்குள் போய்க் கணக்கை அழியுங்கள், பிறகு நீக்குங்கள்.

இந்திராநகர்: ஆபா எண் கட்டாயமா? ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் ஓடிபி கேட்கிறார்கள்.

கட்டாயம் இல்லை. ஆபா என்பது உங்கள் மருத்துவ ரிப்போர்ட்டுகளை இணைக்க மத்திய அரசு தரும் எண். அந்த 14 இலக்க எண் இல்லாமலும் சிகிச்சை பெறலாம். வைத்திருந்தால், யாருக்கு, எத்தனை நாளைக்கு ரிப்போர்ட்டைக் காட்டுவது என்று நீங்கள்தான் சம்மதம் தர வேண்டும். கொடுத்த சம்மதத்தைப் பிறகு ரத்து செய்யவும் முடியும். எதற்கான ஓடிபி என்று மெசேஜை முழுக்கப் படியுங்கள். படிக்கும் வரை வரிசை காத்திருக்கட்டும்.