எங்கையி அங்க வராதே கண்ணு (வாசகர் கடிதமும் பதிலும்)

அண்ணா,

வணக்கம். சார்னு போட்டு அழிச்சிட்டு அண்ணான்னு போட்டிருக்கேன், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ஊரு கும்பகோணம் பக்கம். அங்கயே கவின்கலைக் கல்லூரில பி.எஃப்.ஏ. பெயின்டிங் முடிச்சேன், இப்ப சென்னைல எம்.எஃப்.ஏ. ரெண்டாவது வருஷம். கடைசி வேலைக்கு சேலத்து நெசவ எடுத்துக்கிட்டேன், அதுக்காக நாலு மாசமா அம்மாபேட்டைல ஒரு மாடி ரூம்ல இருக்கேன். மாசத்துக்கு ஒருதடவ சென்னை போய் கைடு கிட்ட காட்டிட்டு வரணும்.

கீழ் வீட்ல தறி. வந்த புதுசுல அந்த டக்கு டக்கு சத்தத்துல தலைவலியே வந்துச்சு, இப்ப என்னடான்னா தறி ஓடாத அன்னிக்குத்தான் மத்தியானத் தூக்கம் வரமாட்டேங்குது. தினமும் ராத்திரி நோட்டுல எழுதறேன். பஸ்ல பாத்தது, ஹவுஸ் ஓனர் அக்கா கோலம், பழைய பஸ் ஸ்டாண்டுல தட்டுவடை செட்டு போடற அண்ணன் பீட்ரூட் துருவற வேகம், இப்படி. நோட்டு ரெண்டு முடிஞ்சிருச்சு. படம்னு பாத்தா உருப்படியா பத்து கூட இல்ல. ஞாயித்துக்கிழமை ஏற்காடு போய் ஏரிய வாட்டர்கலர்ல போடறேன், அது நல்லா வருது, ஆனா அதுக்கும் நெசவுக்கும் என்ன சம்பந்தம்னு கைடு கேக்கறார். நெசவ வரைஞ்சு எடுத்துட்டுப் போனா இது டாக்குமென்ட்டேஷன், ஆர்ட் இல்லங்கறார்.

இங்க எனக்கு யாரையும் தெரியாது. சென்னைன்னா ஒரு ஷோ பாக்கலாம், ஃப்ரெண்ட்ஸ் கிட்ட காட்டி சண்ட போடலாம். இங்க கேலரின்னு ஒண்ணு என் கண்ணுல படவே இல்ல, வரைஞ்சத யார்ட்ட காட்டறது? ஒரு நாள் பக்கத்துத் தெருல தார் சுத்திட்டு, அதான் தறிக்கு வேண்டிய குறுக்கு நூல குழல்ல ஏத்திட்டு, இருந்த ஒரு பாட்டிய வரைஞ்சு அவங்ககிட்டயே காட்டினேன். பாத்துட்டு “எங்கையி அங்க வராதே கண்ணு”ன்னு சொல்லி சிரிச்சுட்டாங்க, சுத்தி இருந்தவங்களும் சிரிச்சாங்க. ரெண்டு வாரமா அந்தத் தெரு பக்கமே போகல. அத விடுங்க.

நான் கேக்க வந்தது இதுதான். இந்த தினப்படி நோட்டு எல்லாம் ஒரு வேலைல சேருமா, இல்ல வரையாம இருக்கறதுக்கு நானே கண்டுபிடிச்ச சாக்கா? நீங்களும் வெளியூர்ல இருந்து சேலம் வந்து போர்டு வரைஞ்சவர்னு எங்கயோ எழுதியிருந்தீங்க. எப்படி ஒட்டினீங்க இந்த ஊரோட?

(பேர் போட வேணாம் அண்ணா)

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

பதில் போட மூணு வாரம் ஆயிருச்சு, வீட்டுக்கு வெள்ளை அடிக்கறோம்னு சாமான் எல்லாம் மொட்டை மாடிக்குப் போய், அதோட என் கண்ணாடியும் போய், ஒரு வாரம் குருடன் மாதிரிதான் இருந்தேன். பேர் போடல.

உங்க கடிதத்துல நீங்க பெருசா நெனச்சு எழுதினது எதுவும் எனக்குப் பெருசாப் படலங்க. கேலரி இல்ல, ஃப்ரெண்ட்ஸ் இல்ல, கைடு திட்டறார், எல்லாம் சரி. ஆனா “அத விடுங்க”ன்னு ஒண்ணு தாண்டிப் போனீங்க பாருங்க, அத எப்படிம்மா விடறது? நாலு மாசத்துல உங்களுக்கு இந்த ஊர்ல நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அந்த அம்மா என்ன சொன்னாங்கன்னு யோசிச்சீங்களா? படம் நல்லா இல்லன்னு சொல்லல, மூஞ்சி என்ன மாதிரி இல்லன்னும் சொல்லல. கை அங்க வராதுன்னாங்க. நீங்க படத்த அனுப்பல, ஆனா எனக்கு ஒரு ஊகம் இருக்கு, நூல் பிடிச்ச கைய கொஞ்சம் தூக்கி, விரல விரிச்சு, நாட்டியக்காரி மாதிரி போட்டிருப்பீங்க. படிச்ச கை அப்படித்தான் போகும். ஆனா தார் சுத்தறப்ப ஒரு கை ராட்டைய சுத்தும், இன்னொரு கை நூல விறைப்பா பிடிச்சுக்கிட்டு தாழத்தான் இருக்கும். அத ஒசரத் தூக்கினா நூல் தளர்ந்து குழல்ல லூசா ஏறிடும், அப்பறம் அத நாடாக்குள்ள (குறுக்கு நூலக் கொண்டு போற கட்டை) போட்டு தறில ஓட்டறப்ப கொத்தாக் கழண்டு வந்து சேலைல நிக்கும், நெசவுக்காரர் எந்திரிச்சு வந்து திட்டுவார். முப்பது நாப்பது வருஷமா அந்தத் திட்டு வாங்கக்கூடாதுன்னே ஒரே எடத்துல நின்ன கைங்க அது, நீங்க ஒரு நிமிஷத்துல தூக்கி வெச்சுட்டீங்க. சிரிக்காம என்ன பண்ணுவாங்க.

என் கதையச் சொல்றேன். நான் 1991ல ஒரு போர்டு கடைல எடுபிடியா சேந்தேன், எனாமல் டப்பா தொறக்கறது, டின் ஷீட்டத் தேய்க்கறது, பிரஷ் கழுவறது. எங்க மாஸ்டர் சின்ன வயசுல மாடர்ன் தியேட்டர்ஸ்ல சீன் தட்டி வரைஞ்சவர். ஏற்காடு ரோட்டுல இப்ப வெறும் வளைவு மட்டும் நிக்குதுல்ல, 1935ல டி.ஆர். சுந்தரம் ஆரம்பிச்ச ஸ்டுடியோ, அதேதான். ரெண்டு வருஷம் கழிச்சு மொத மொதல்ல தனியா ஒரு வேலை குடுத்தார், செவ்வாய்ப்பேட்டைல ஒரு வெள்ளிப் பட்டறைக்கு போர்டு, பொம்பள கால் ஒண்ணு, அதுல கொலுசு. நான் ராத்திரி எல்லாம் முழிச்சு வரைஞ்சேன், கால் அப்படியே செல மாதிரி, கொலுசு வட்டமா காம்பஸ் வெச்ச மாதிரி, சலங்கை ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியணும்னு சுத்தியும் பூ விரிஞ்ச மாதிரி விரிச்சு விட்டிருந்தேன், ஒவ்வொண்ணுலயும் ஒரு வெள்ளப் பொட்டு மினுக்கு வேற.

ஓனர் பாத்துட்டு பிரமாதம்னுட்டார். உள்ள பட்டறைல வெள்ளிய பத்தவெச்சு ஒட்டிக்கிட்டு இருந்த ஒருத்தர், ஊதுகுழல வாயில இருந்து எடுத்துட்டு வெளிய வந்தார், கொஞ்ச நேரம் பாத்தார், “வெள்ளிக்கு வெயிட்டு இருக்குது தம்பி, தொங்கும்”னு சொல்லிட்டு உள்ள போயிட்டார். அவ்ளோதான். எனக்கு காது ரெண்டும் சூடாயிருச்சு. நானும் உங்கள மாதிரிதான், பத்து நாள் அந்தத் தெருவ சுத்திக்கிட்டு லீ பஜார் வழியா போனேன். அப்பறம் மாஸ்டர் விடல, போய்க் கேட்டுட்டு வாடான்னு தொரத்தினார். போனா அவர் தன் பொண்ணையே கூப்பிட்டு நிக்க வெச்சுக் காட்டினார். கொலுசு வளையம் மாதிரி நேரா நிக்காதுங்க, ஒரு பக்கம் சரிஞ்சு கணுக்கால் எலும்புல உக்காரும், சலங்கை எல்லாம் தலைய தொங்கப் போட்டுக்கும், சரிஞ்ச பக்கம் நெருக்கமா மறுபக்கம் எட்டியெட்டி. திருகாணிய நான் எங்கயோ முன்னாடி போட்டிருந்தேன், அது எங்க வரும்னும் சொன்னார். அன்னிக்கு அந்தப் பட்டறைல ஒரு மணி நேரம் இருந்தேன், ஒருத்தர் கம்பி இழுக்கறார், ஒருத்தர் மணி மட்டும் செய்யறார், மெருகு போடறது வேற ஒரு வீடாம். ஒரு கொலுசு ஒரு கால்ல ஏறறதுக்கு முன்னாடி எத்தன வீட்டுப் படி ஏறுதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, தெரிஞ்சப்பறம் எனக்கு செவ்வாய்ப்பேட்டைல டீ குடிக்க ஆள் தேட வேண்டி இருக்கல.

எப்படி ஒட்டினீங்கன்னு கேட்டீங்க, இப்படித்தான்.

இதுல நான் ஒண்ணு ஒத்துக்கணும். நான் ஆம்பள, கைல பெயின்ட் டப்பா இருந்துச்சு, தெரு முக்குல ஒரு மணி நேரம் நின்னா எவனும் கேக்கப் போறதில்ல. வெளியூர்ப் பொண்ணு ஒருத்தி நோட்டு வெச்சுக்கிட்டு நின்னா நாலு பேர் மொறைப்பாங்க, அது எனக்குப் புரியாம இல்ல. அதனாலதான் தெருவுல நிக்காதீங்க, திண்ணைல உக்காருங்கங்கறேன். தார் சுத்தற வேலை பெரும்பாலும் பொம்பளைங்க கைலதான் இருக்கு, ஒரு தடவ பக்கத்துல உக்காந்து ரெண்டு தார் சுத்திக் குடுத்துட்டா, அதுவும் கேவலமாத்தான் சுத்துவீங்க, அப்பறம் யாரும் உங்கள வேடிக்கை பாக்க மாட்டாங்க. காட்ட ஆளில்லன்னீங்களே, யார வரைஞ்சீங்களோ அவங்ககிட்டயே காட்டுங்க. சென்னைல உங்க ஃப்ரெண்டு “காம்போசிஷன் கொஞ்சம் டைட்டா இருக்கு”ம்பான், அவன் சொன்னது சரியா தப்பான்னு அவனுக்கே தெரியாது. கை அங்க வராதுங்கறது அப்படி இல்ல, போய் பாத்துட்டு வந்து திருத்திடலாம்.

தாரமங்கலம் போயிருக்கீங்களா? நாலு மாசமா இருக்கீங்க, போகலன்னா ஏற்காடு பஸ்ஸுக்கு வெச்சிருக்கற காச எடுத்துக்கிட்டு ஓமலூர் பக்கமா ஏறுங்க. இந்தப் பக்கத்த ஆண்ட கெட்டி முதலிகள் கட்டின கைலாசநாதர் கோயில், மேற்கு பாத்த சன்னதி. யாளி வாய்க்குள்ள உருள்ற கல் பந்து, கல்லுல சங்கிலி, எல்லாம் ஸ்கூல் பசங்களுக்குக் காட்டறது, அத பாருங்க, ஆனா ராமனும் வாலியும் ரெண்டு தூண்ல இருக்காங்க, அங்க நில்லுங்க. ராமன் பக்கம் நின்னு பாத்தா வாலி தெரியறான், வாலி பக்கம் நின்னு பாத்தா ராமன் தெரிய மாட்டான், மறைஞ்சு நின்னு அம்பு விட்டதுக்கு கல்தச்சன் போட்ட கணக்கு. பாக்கறவன் கால் எங்க இருக்கும்னு யோசிச்சு உளி பிடிச்சிருக்கான். எங்க மாஸ்டரும் அதத்தான் வேற மாதிரி சொல்லுவார், நீ ஏணி மேல நிக்கற, பாக்கறவன் பஸ்ல போறாண்டான்னு. நீங்க அன்னிக்கு ராமன் நின்ன எடத்துல நின்னு வரைஞ்சிருக்கீங்கம்மா. உங்களுக்கு அந்த அம்மா தெரிஞ்சாங்க, அவங்களுக்கு உங்களத் தெரியல.

உங்க கைடு சொல்ற டாக்குமென்ட்டேஷன் பேச்சு. சென்னைல எந்தக் காலேஜ்னு நீங்க எழுதல, எழும்பூர் காலேஜா இருந்தா அவருக்கு மரியாதையா ஒரு விஷயம் ஞாபகப்படுத்தலாம், அந்தக் காலேஜ 1850ல அலெக்ஸாண்டர் ஹன்டர்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்சு டிராயிங்கையும் கைத்தொழிலையும் ஒரே கூரைக்குள்ளதான் வெச்சார். அங்க பிரின்சிபலா இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் கூட சேந்து 1966ல சென்னை பக்கம் சோழமண்டலம்னு ஓவியர்களுக்கே ஒரு கிராமம் அமைக்கப் போனவங்க பாட்டிக் துணி போட்டு வித்துத்தான் குடிசை போட்டாங்க, படத்த நம்பி இல்ல. இத அப்படியே அவர்கிட்ட சொல்லி மார்க்க கெடுத்துக்காதீங்க. அவர் சொல்றதுலயும் பாதி நியாயம் இருக்கு, தறிய போட்டோ மாதிரி வரைஞ்சு எடுத்துட்டுப் போனா அவரும் என்னதான் சொல்லுவார். கை ஏன் தாழ இருக்குன்னு தெரிஞ்சு வரைஞ்சு எடுத்துட்டுப் போங்க, அப்பவும் அதையே சொன்னா எனக்கு எழுதுங்க, சேந்து திட்டலாம்.

ஏற்காடு ஏரி வேணாம், போதும். நல்லா வருதுங்கறீங்க, நல்லா வரத்தான் செய்யும், யாருக்குத்தான் வராது, ஏரி வந்து உங்க படத்தப் பாத்து தப்புன்னு சொல்லப் போகுதா. எனக்கு அந்த மலை மேல ஒரு சின்ன வன்மம் உண்டு, இருவது கொண்டை ஊசி வளைவுல ஏழாவதுலயே எனக்கு வாந்தி வந்துரும், அதையும் கணக்குல வெச்சுக்கிட்டு இத படிங்க. மலைய வரையணும்னு ஆசையா இருந்தா கீழ இருந்தே வரைங்க. மேல பாக்சைட்டு மண்ணு, செம்மண்ணு மாதிரி செவப்பு, கீழ ஓமலூர் போற வழில வெள்ளக்கல்லு தோண்டிப் போட்ட கரடு, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. ஒரே மலைத்தொடர்ல இந்த ரெண்டு கலரையும் ஒரு பேப்பர்ல வெச்சுப் பாருங்க. அந்த வெள்ளைல சாயங்காலம் ஒரு ரோஸ் ஏறும், ஒரு பத்து நிமிஷம், டியூப்ல அந்தக் கலர் கெடைக்காது. அந்தக் கல்ல சுட்டு இரும்பு உருக்கற ஒலைக்கு உள்பூச்சு செங்கல் பண்றாங்க, அவ்ளோ சூட்டயும் தாங்கும்.

நோட்டு விஷயத்துக்கு வரேன். சாக்குதானான்னா, பாதி சாக்குதான். நீங்க கடிதத்துல எழுதினதுல தட்டுவடை செட்டுக்காரர் பீட்ரூட் துருவற வேகம்னு ஒண்ணு இருக்கு. வேகம்னா என்ன வேகம்? எந்தக் கைல துருவறார், துருவல் எங்க விழுது, அவர் விரல் செவந்து இருக்கா, ஒரு செட்டுக்கு ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல எவ்ளோ வெக்கறார்? அத எழுதியிருந்தீங்கன்னா அது பாதி படம். வெறும் வேகம்னா அது உங்க மனசு நல்லா இருந்த ஒரு சாயங்காலம், அவ்ளோதான். தறிச் சத்தம் நின்னா தூக்கம் வரலன்னு எழுதினீங்கல்ல, அது மாதிரி எழுதுங்க, அது நெஜம். மழ வந்துச்சு மண்வாசன வந்துச்சு எல்லாம் அடிச்சுருங்க. புதுசா வந்தவங்களுக்கு ஒரு ஆறு மாசம் ஊரு கண்ணுல உறுத்தும், அப்பறம் பழகிடும், எனக்கு இப்ப அஞ்சு ரோடு பாலம் ரெண்டு அடுக்குங்கறதே பஸ்ல போறப்ப ஞாபகம் வர்றதில்ல. உங்களுக்கு ரெண்டு மாசம் மிச்சம் இருக்கு.

அந்த போர்டு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. திருத்தி வரைஞ்சேன், சலங்கை எல்லாம் தொங்கற மாதிரி, பத்து வருஷத்துக்கு மேல நின்னுச்சு. அப்பறம் ஃப்ளெக்ஸ் வந்துச்சு, எங்க கடையும் போச்சு, நான் எழுத வந்துட்டேன். போன மாசம் அந்தப் பக்கம் போனேன், ஃப்ளெக்ஸ்ல ஒரு கால், கம்ப்யூட்டர்ல பண்ணினது, சலங்கை எல்லாம் வெளிய விரிஞ்சு நிக்குது. உள்ள எட்டிப் பாத்தேன், சொல்றதுக்கு அவர் இல்ல.

இன்னொண்ணு, பாவ (தறில நீளவாக்குல ஓடற நூல்) வரையணும்னு இருந்தா, அம்மாபேட்டைல தெருவுல நீட்டிப் போடற தெருப்பாவ விடியக்காலம் வெயில் ஏறறதுக்குள்ள போட்டு முடிச்சு சுருட்டிருவாங்க. ஒம்பது மணிக்கு எந்திரிச்சுப் போய்ப் பாத்துட்டு இந்தத் தெருல ஒண்ணும் இல்லன்னு எனக்கு எழுதாதீங்க. ஆறு மணிக்குப் போங்க, போற வழில அந்த அம்மா வீட்டுத் திண்ணை இருக்கும்.