சார்ஜ் நர்ஸ் பதவியும் தொழிற்சங்கப் பாதுகாப்பும்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

அமெரிக்காவில் செவிலியராக இருக்கும் உங்கள் மகளுக்குத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சார்ஜ் நர்ஸ் (ஷிப்டில் மற்ற செவிலியர்களின் பணியைப் பொறுப்பேற்று நடத்தும் செவிலியர்) பதவியும், கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) நிர்வாகம் நடத்தும் மருத்துவமனையில் சாதாரண செவிலியர் வேலையும் கிடைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். தொழிற்சங்கத்தில் சேர்ந்தால் வேலைக்கு ஆபத்து வருமா, வந்தால் சட்டம் காக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டு வேலைகளுக்கும் அதற்கான பதில் ஒன்றல்ல.

சங்கத்தில் சேரும் தொழிலாளர்களைக் காக்கும் 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழில் உறவுச் சட்டம் தனியார் முதலாளிகளுக்கே பொருந்தும். ஆண்டு வருவாய் 2,50,000 டாலரை எட்டும் மருத்துவமனைகளை, அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் தேசியத் தொழில் உறவு வாரியம் தன் வரம்புக்குள் எடுத்துக்கொள்வதால், இந்தத் தனியார் மருத்துவமனை அதற்குள் வரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அது இலாப நோக்கற்ற அறக்கட்டளை நடத்துவதாக இருந்தாலும், 1974-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு வேறுபாடு கிடையாது. கவுண்டி மருத்துவமனையோ அரசு அமைப்பு. அதற்கு அந்தந்த மாநிலச் சட்டமே உண்டு. நியூயார்க்கில் அரசு ஊழியர்கள் சங்கத்தின் வழியே ஊதியம் பேசலாம், ஆனால் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. வட கரோலினாவிலோ அரசு அமைப்புகள் சங்கத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்வதையே சட்டம் தடுக்கிறது. ஆகவே அந்த மருத்துவமனை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதை முதலில் எனக்குத் தெரிவியுங்கள்.

இனி சார்ஜ் நர்ஸ் பதவிக்கு வருகிறேன். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 1947-ஆம் ஆண்டுத் திருத்தம் மேற்பார்வையாளர்களை இந்தச் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து விலக்கிவிட்டது. பிறரைப் பணியில் அமர்த்துவது, நீக்குவது, தண்டிப்பது, வேலை ஒதுக்குவது, பொறுப்பேற்று வேலை வாங்குவது போன்று சட்டம் பட்டியலிடும் அதிகாரங்களில் ஒன்றே ஒன்றை, வழக்கமான நடைமுறையாக அல்லாமல் தன் சொந்த முடிவின்படி முதலாளியின் சார்பில் செலுத்துபவர் மேற்பார்வையாளர் ஆகிவிடுகிறார். அப்படிப்பட்டவர் சங்கத்தில் சேரலாம். ஆனால் சேர்ந்ததற்காக அவரை நீக்கினால், பொதுவாக வாரியத்தில் முறையிட முடியாது.

மிச்சிகன் மாநிலத்து ஓக்வுட் மருத்துவமனை வழக்கில், 2006-இல், வாரியம் இதைச் செவிலியர்களை வைத்தே முடிவு செய்தது. எந்த நோயாளியை எந்தச் செவிலியர் கவனிப்பது என்று தம் கணிப்பின்படி ஒதுக்கிய நிரந்தர சார்ஜ் நர்ஸ்களை மேற்பார்வையாளர்கள் என்றது. முறைவைத்து அவ்வப்போது அப்பொறுப்பை ஏற்றவர்களை அப்படிக் கருதவில்லை. ஒருவரை மேற்பார்வையாளர் என்று கருத, அந்தப் பணி ஒழுங்கான கால அட்டவணைப்படி வரவேண்டும், மொத்த வேலை நேரத்தில் குறைந்தது 10 முதல் 15 விழுக்காடாவது இருக்கவேண்டும் என்பது அதன் அளவுகோல். நியமனக் கடிதத்தில் என்ன பட்டம் இருக்கிறது என்பது பெரிதல்ல. உங்கள் மகள் மாதத்தில் எத்தனை ஷிப்டுகள் அப்பொறுப்பில் இருப்பாள், ஒதுக்கீடு எழுதிவைத்த விதிப்படி நடக்கிறதா, அவள் முடிவா என்பதையே அவள் கேட்டறிய வேண்டும். பதவியை மறுக்கச் சொல்லவில்லை. கூடுதல் ஊதியத்துடன் எதை விட்டுக்கொடுக்கிறாள் என்பது தெரிந்திருக்கட்டும் என்கிறேன்.

ஏஜென்சி வழியாகச் சேரும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் உண்டு. தனி ஒப்பந்தக்காரர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் அப்படி எழுதிவிட்டதாலேயே ஒருவர் ஒப்பந்தக்காரர் ஆகிவிடமாட்டார். வேலை உண்மையில் யாருடைய கட்டுப்பாட்டில், எப்படி நடக்கிறது என்பதை வாரியம் ஆராயும். விசாவில் இருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டா என்ற உங்கள் கவலையைப் பொறுத்தவரை, குடியேற்ற நிலை எதுவாயினும் ஒருவர் இச்சட்டத்தின்படி தொழிலாளிதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இலேயே கூறிவிட்டது.

தனியார் மருத்துவமனையில் மேற்பார்வையாளர் அல்லாத பணியில் அவள் சேர்ந்தால், அங்கே சங்கமே இல்லாவிட்டாலும், சக செவிலியர்களுடன் ஊதியத்தைப் பற்றிப் பேசும் உரிமை அவளுக்கு உண்டு. அதற்காகத் தண்டித்தால் 6 மாதத்திற்குள் வாரியத்திடம் புகார் அளிக்கவேண்டும். அந்தக் கெடுவை அவளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.