லாரி மெக்கானிக்கும் விண்வெளி வீரர்களும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லாரி மெக்கானிக்காக இருந்த ஒருவர் அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கு நெருங்கிய நண்பராக இருந்தார் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? – பட்டறை நடத்தும் வாசகர், நாமக்கல்

உண்மைதான். அவர் பெயர் குந்தர் வெண்ட். பெர்லின்காரர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படையின் இரவுப் போர் விமானங்களில் பொறியாளராகப் பறந்தவர். 1949இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக்கு வந்தார். விமானத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேரக் குடியுரிமை வேண்டும். அவரிடம் அது இல்லை. அதனால் லாரிப் பட்டறையில் சேர்ந்தார். ஓராண்டுக்குள் அங்கேயே மேற்பார்வையாளர் ஆகிவிட்டார். 1955இல் குடியுரிமை கிடைத்தது. மெக்டானல் விமான நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. அமெரிக்கா முதலில் மனிதரை அனுப்பிய மெர்குரி, ஜெமினி விண்கலங்களைக் கட்டியது அந்த நிறுவனம்தான். கேப் கனாவெரல் ஏவுதளத்தில் வீரர்களைக் கலத்துக்குள் உட்காரவைத்து, வார் கட்டி, கதவை மூடி அனுப்பும் குழுவுக்கு வெண்ட் தலைவரானார்.

கலத்தின் வாசலை ஒட்டி ஒரு சிறிய அறை உண்டு. தூசு படக்கூடாது என்பதால் சுவர், தளம், ஆட்களின் உடை எல்லாம் வெள்ளை. பெயரும் வெள்ளை அறை. அங்கே வெண்ட் அனுமதிக்காமல் யாரும் எதையும் தொடக்கூடாது. ஒருமுறை ஒரு பொறியாளர், தான் சொல்லும் மாற்றத்தைச் செய்தே தீர வேண்டும் என்று அடம்பிடித்தார். வெண்ட் காவலர்களைக் கூப்பிட்டு அவரை வெளியே அனுப்பிவிட்டார். விண்வெளி வீரர் ஜான் கிளென் அவருக்கு 'ஏவுதளத்தின் ஃபியூரர்' (ஃபியூரர் என்பது ஹிட்லரின் பட்டம்) என்று பட்டப்பெயரே வைத்தார்.

இந்தக் கண்டிப்புதான் நட்புக்கு அடிப்படை. மெர்குரி வீரர்கள் எல்லோரும் சோதனை விமானிகளாக இருந்தவர்கள். கவனிக்காமல் விட்ட ஒரு திருகு என்ன செய்யும் என்று பார்த்தவர்கள். சிரித்துப் பேசுபவரைவிட 'இல்லை, இதைத் திரும்பச் செய்' என்று சொல்பவரைத்தான் அவர்கள் நம்பினார்கள். கிளெனின் மனைவியிடம் வெண்ட், 'பத்திரமாகத் திரும்புவார் என்று என்னால் உறுதி தர முடியாது. புறப்படும் நேரத்தில் கலத்தில் செய்ய வேண்டியது எல்லாம் செய்யப்பட்டிருக்கும் என்று மட்டும் உறுதி தருகிறேன்' என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். ஒரு மெக்கானிக் கொடுக்கக்கூடிய நேர்மையான உறுதி அவ்வளவுதான்.

கேள்வி: கதவை மூடுவதில் அப்படி என்ன நுட்பம் இருக்கிறது? – கல்லூரி மாணவி, கோவை

விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்ட். அவர் 1961 மே மாதம் சென்ற கலத்தின் கதவு நெம்புகோல் தாழ்ப்பாள் கொண்டது. எடை 69 பவுண்டு, அதாவது 31 கிலோ. அடுத்து கஸ் கிரிஸம் சென்ற லிபர்ட்டி பெல் 7 கலத்தில் வெடிக்கதவு வைத்தார்கள். எடை 23 பவுண்டாகக் குறைந்தது.

அதன் அமைப்பு இது: கதவைச் சுற்றிக் கால் அங்குல டைட்டானியம் போல்ட் 70. ஒவ்வொன்றிலும் 0.06 அங்குலத் துளை போட்டு, வேண்டுமென்றே பலவீனமான ஓர் இடம் வைத்திருப்பார்கள். உள் சீலுக்கும் வெளிச் சீலுக்கும் நடுவே ஓடும் பள்ளத்தில் மெல்லிய வெடித்திரி. அது வெடித்ததும் இரண்டு சீலுக்கும் நடுவே அழுத்தம் கூடி, 70 போல்ட்டும் துளையிட்ட இடத்தில் அறுந்து, கதவு பறந்துவிடும்.

துளையிட்ட போல்ட்டை முடுக்குவதில்தான் சிக்கல். அளவுக்கு மேல் முடுக்கினால் அங்கேயே முறியும். கோணலாக ஏற்றினால், பட்டறைகளில் சொல்வதுபோல், கிராஸ் த்ரெட்; மரை மாறி ஏறிவிடும். இரண்டுமே நடந்திருக்கின்றன. 1961 ஜூலை 21 அன்று, கிரிஸம் புறப்பட 45 நிமிடம் இருக்கையில், ஒரு போல்ட் ஒழுங்காக அமையவில்லை என்று தெரிந்தது. புறப்பாட்டுக்கான நேர எண்ணிக்கையை 30 நிமிடம் நிறுத்தி ஆராய்ந்தார்கள். மீதி 69 போல்ட் கதவைத் தாங்கவும் போதும், நேரம் வரும்போது வெடித்துத் திறக்கவும் போதும் என்று முடிவு செய்து அப்படியே அனுப்பினார்கள். 1962 பிப்ரவரி 20 அன்று கிளெனின் கதவிலும் ஒரு போல்ட் முறிந்திருந்தது. முன்பு 69 போல்ட்டோடு ஒருவர் போய்வந்திருந்தும், இந்த முறை கதவைக் கழற்றி அந்தப் போல்ட்டை மாற்றச் சொல்லிவிட்டார்கள். 40 நிமிடம் தாமதம். இரண்டாவது முடிவே சரியானது என்பது எங்கள் கருத்து. கணக்கு 69 போதும் என்று சொல்லலாம். ஒரு போல்ட் ஏன் முறிந்தது என்று தெரியாதவரை மற்றவற்றையும் நம்ப முடியாது.

கேள்வி: கிரிஸம் பதற்றத்தில் கதவை வெடிக்கவைத்து, கலத்தைக் கடலில் மூழ்கடித்தார் என்கிறார்களே? – ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

இல்லை. தடயங்கள் கிரிஸமின் பக்கமே நிற்கின்றன.

உள்ளிருந்து கதவைத் திறக்க ஒரு பொத்தான் உண்டு. அதன் பாதுகாப்பு ஊசியை எடுத்தபின் 5, 6 பவுண்டு விசையில் அமுக்கினால் போதும். ஊசி இருக்கும்போது 40 பவுண்டு வேண்டும். அமுக்கியதும் அது கையைத் திருப்பி உதைக்கும். 1962 அக்டோபரில் வாலி ஷிர்ரா தன் பயணம் முடிந்து, கப்பலின் தளத்தில் இருந்தபடி இதே மாதிரிக் கதவை வேண்டுமென்றே வெடிக்கவைத்தார். கையுறையையும் மீறிக் கையில் காயம். கிரிஸமின் கையில் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

பின் எப்படித் திறந்தது? மீட்புக்குழு திறப்பதற்காகக் கலத்தின் வெளிப்புறத்தில் ஓர் இழுகயிறு இருந்தது. அது எப்படியோ தளர்ந்து இழுபட்டிருக்கும் என்பது வெண்ட் முன்வைத்த விளக்கம். நிரூபிக்கப்படாவிட்டாலும், அந்தக் கதவைத் தன் கண்முன் மூடவைத்தவர் சொன்னது என்பதால் எடை உண்டு. நண்பர் மீது விழுந்த பழியை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. 1999இல் 15,000 அடிக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து அந்தக் கலத்தை மேலே எடுத்தபோது, எழுபது வயதைக் கடந்திருந்த வெண்டும் அந்தக் கப்பலில் இருந்தார். கலம் இப்போது கான்சஸ் மாநிலம் ஹட்சின்சனில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கதவு கிடைக்கவில்லை.

கேள்வி: அப்பல்லோ 1 தீ விபத்தின்போது வெண்ட் அங்கே இருந்திருந்தால் மூவரும் பிழைத்திருப்பார்களா? – வாசகர், மதுரை

அவர் அங்கே இல்லை. நிலவுக்குச் செல்வதற்கான அப்பல்லோ கலத்தைக் கட்டும் ஒப்பந்தம் நார்த் அமெரிக்கன் நிறுவனத்துக்குப் போய்விட்டது. வெண்ட் மெக்டானலிலேயே இருந்தார்.

ஆனால் இருந்திருந்தாலும் அந்தக் கதவை யாராலும் திறந்திருக்க முடியாது. 1967 ஜனவரி 27 அன்று ஏவுதளத்தில் நடந்த சோதனையில் கலத்துக்குள் சதுர அங்குலத்துக்கு 16.7 பவுண்டு அழுத்தத்தில் தூய ஆக்சிஜன் நிரப்பியிருந்தார்கள். வெளிக்காற்று 14.7. உள்கதவு உள்பக்கமாக எடுக்கும் வகை. தீ பிடிப்பதற்கு முன்பே இந்த 2 பவுண்டு வித்தியாசம், சதுர அடிக்கு 130 கிலோவாகக் கதவை வெளிப்பக்கம் அழுத்திப் பிடித்திருந்தது. தீப்பிடித்த சில நொடிகளில் உள் அழுத்தம் 29 பவுண்டுக்கு ஏறியது. இப்போது சதுர அடிக்கு 900 கிலோவுக்கும் மேல். அதோடு கதவு மூன்று அடுக்கு. ஆபத்தில்லாத நேரத்திலேயே திறக்க ஒன்றரை நிமிடமாவது ஆகும். கிரிஸம், எட் வைட், ரோஜர் சாஃபி மூவரும் இறந்தார்கள். தவறு வடிவமைப்பில் இருந்தது, மூடிய ஆட்களிடம் இல்லை.

பிறகு உள், வெளிக் கதவுகளை ஒன்றாக்கி, வெளிப்பக்கம் சில நொடிகளில் திறக்கும்படி மாற்றினார்கள். ஏவும்போது கலத்துக்குள் 60 சதவீத ஆக்சிஜன், 40 சதவீத நைட்ரஜன் என்றானது. அடுத்துப் பறக்க வேண்டியவர் ஷிர்ரா. வெண்ட் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நார்த் அமெரிக்கன் வெண்டை வேலைக்கு எடுத்தது. ஆனால் இரவு ஷிஃப்ட் கொடுத்தது. ஷிர்ரா அந்த நிறுவனத்தின் ஏவுதள அதிகாரியிடம் நேரில் பேசிப் பகல் ஷிஃப்டுக்கு மாற்றவைத்தார். 1968 அக்டோபரில் அப்பல்லோ 7இன் கதவை மூடும் பொறுப்பு வெண்டிடம் இருந்தது.

கேள்வி: நிலவுக்குப் போன அன்று காலை வெள்ளை அறையில் என்ன நடந்தது? – பள்ளி மாணவர், விருதுநகர்

1969 ஜூலை 16, அப்பல்லோ 11 புறப்பட்ட நாள். வெள்ளை அறை தரையிலிருந்து 320 அடி உயரத்தில், ஏவுகோபுரத்தின் ஒன்பதாவது கரத்தின் நுனியில் இருந்தது. மாற்றுக்குழு வீரர் ஃப்ரெட் ஹெய்ஸ் முன்னதாகவே கலத்துக்குள் நுழைந்து 417 படிகள் கொண்ட பட்டியலைச் சரிபார்த்துவிட்டார். ஆம்ஸ்ட்ராங் முதலில் இடப்பக்க இருக்கைக்கு, காலின்ஸ் வலப்பக்கம், கடைசியாக ஆல்ட்ரின் நடுவில். நடு இருக்கை வாசலுக்கு நேர் கீழே இருப்பதால் அதில் அமர்பவர் கடைசியாக ஏற வேண்டும். உடைத் தொழில்நுட்பர் ஜோ ஷ்மிட் குழாய்களைப் பொருத்தினார். பிறகு கதவு, கசிவுச் சோதனை. ஏவுவதற்குச் சுமார் 43 நிமிடம் முன்பு கரம் 12 பாகை மட்டும் விலகி நிற்கும். ஆபத்து வந்தால் திரும்ப ஒட்டி வீரர்களை இறக்க அந்த நிலை. 5 நிமிடம் இருக்கையில்தான் முழுதாக விலகும்.

இதற்கிடையில் பரிசுகளும் கைமாறின. வெண்ட் தெர்மோகோலைப் பிறை வடிவில் வெட்டி, பளபளக்கும் தகடு ஒட்டி, நிலவின் சாவி என்று ஆம்ஸ்ட்ராங்கிடம் கொடுத்தார். ஆம்ஸ்ட்ராங் கொடுத்தது எந்த இரு கோள்களுக்கு இடையிலும் செல்லுபடியாகும் விண்வெளி டாக்ஸி டிக்கெட். காலின்ஸ் பழுப்புக் காகிதப் பையில் ஒரு சின்ன டிரௌட் மீனைக் கொண்டுவந்திருந்தார், பலகையில் ஆணியடித்து. வெண்டுக்கு மீன்பிடிப்பதில் ஆசை. ஆல்ட்ரின் ஒரு சிறிய பைபிள் கொடுத்தார். எத்தனை அடுக்குப் பதற்றத்துக்கு நடுவே, மீனை வாங்கிக்கொண்டு வந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அப்பல்லோ 14க்கு முன் வெண்ட் ஷெப்பர்டுக்கு ஒரு கைத்தடி கொடுத்தார். ஷெப்பர்டிடமிருந்து ஒரு ஜெர்மன் ராணுவத் தலைக்கவசம் வந்தது.

கேள்வி: கார் வியாபாரி ஒருவரும் இவர்களுக்கு நண்பர் என்கிறார்களே? – வாசகர், சேலம்

ஜிம் ராத்மன். 1960ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 கார் பந்தயத்தில் வென்றவர். பிறகு ஃபுளோரிடாவின் மெல்போர்ன் ஊரில் செவர்லே, கேடில்லாக் விற்பனை நிலையம் நடத்தினார். கிரிஸமும் கோர்டன் கூப்பரும் அவரோடு சேர்ந்து பந்தய அணியே வைத்திருந்தார்கள். இவர் மூலம் விண்வெளி வீரர்களுக்கு ஆண்டுக்கு 1 டாலர் குத்தகையில் புதுக் கார் கிடைத்தது. பெரும்பாலோர் கார்வெட் எடுத்தார்கள்; கிளென் குடும்பத்துக்கு ஏற்ற ஸ்டேஷன் வேகன் போதும் என்றார். அப்பல்லோ 12 குழுவின் கான்ராட், கோர்டன், பீன் மூவரும் 1969 மாடல் கார்வெட்டுகளை ஒரே தங்க நிறத்தில், கறுப்புப் பட்டையோடு எடுத்தார்கள். 427 கன அங்குல எஞ்சின், 390 குதிரைசக்தி. அவரவர் பொறுப்பைக் குறிக்கும் எழுத்துகள் முன் மட்கார்டில் இருந்தன. மூன்றில் பீன் ஓட்டிய வண்டி மட்டுமே இன்று இருப்பதாகத் தெரிகிறது.