வாசகர் கேள்வி-பதில்: தோரோவை வரைந்த தூரிகை

கேள்வி: ‘டிரெஷர் ஐலண்ட்’ என்ற கடற்கொள்ளையர் நாவலுக்குப் படம் வரைந்த அமெரிக்க ஓவியர் என்.சி. வையெத், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவின் இயற்கைத் தத்துவத்தில் ஊறியவர் என்று படித்தேன். ஆனால் தோரோவின் எழுத்துக்கு அவர் வரைந்த ஓவியங்களில் காட்டைவிட மனிதர்களே முன்னிற்கிறார்களே, ஏன்?
— வாசகர், மதுரை

பதில்: நீங்கள் குறிப்பிடுவது 1936இல் வெளிவந்த ‘மென் ஆஃப் கான்கார்ட்’ நூலின் வண்ண ஓவியங்களை என்று நினைக்கிறேன். 1845 ஜூலை 4 முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேலாக வால்டன் குளக்கரையில் குடில் கட்டித் தனித்து வாழ்ந்ததால், மனிதரை விலக்கிய துறவியாகவே தோரோ நம் மனத்தில் பதிந்துவிட்டார். அவருடைய நாட்குறிப்புகளைப் படித்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். பறவையையும் பனியையும் எத்தனை பொறுமையோடு பார்த்தாரோ, அதே பொறுமையோடு தாம் வாழ்ந்த கான்கார்ட் ஊரின் தச்சரையும் வேடரையும் உழவரையும் அவர் பார்த்தார். அந்த மனிதர்களைப் பற்றிய பகுதிகளைத் தொகுத்ததே இந்த நூல்.

1857 அக்டோபரில் ஒரு நாள், ஏறத்தாழ எண்பது வயதான புரூக்ஸ் கிளார்க் என்ற முதியவர், வில்லாக வளைந்த உடலோடு, குளிர்காற்றில் வெறுங்காலுடன் விரைந்து வருவதைத் தோரோ காண்கிறார். அவருடைய ஒரு கையில் கோடரி; மறு கையில் காலணிகள். அவற்றுக்குள் காட்டில் பொறுக்கிய கரடுமுரடான ஆப்பிள்களும் இறந்துபோன ஒரு ராபின் பறவையும் இருக்கின்றன. எடுத்துவர வேறொன்றும் இல்லாததால் ஆப்பிள்களைக் காலணியில் போட்டுக்கொண்டதாக முதியவர் சொல்கிறார். அந்த உற்சாகத்தைத் தேவாலயச் சடங்குகள் ஆயிரத்தைவிட மேலானதாகத் தோரோ மதித்தார். தேவைகளைச் சுருக்கிக்கொண்டு மண்ணோடு ஒட்டி வாழ்வது என்ற அவருடைய தத்துவம், குளக்கரைக் காட்சியைவிட அந்தக் காலணியில்தான் எனக்குத் தெளிவாகப் புலப்படுகிறது. வையெத்தும் அதை உணர்ந்திருக்க வேண்டும். இதே கிளார்க் வெறுங்காலுடன் கற்சுவர் எழுப்புவதை அவர் ஓர் ஓவியமாக்கினார்.

இன்னோர் ஓவியத்தில், உட்சக் என்னும் வளைவாழ் விலங்கின் தோலில் வீட்டிலேயே தைத்த தொப்பியுடன் ஒரு சிறுவன் வருகிறான். அந்தத் தொப்பியில் ஓர் ஏழைக் குடும்பத்தின் கதையையே தோரோ வாசித்திருந்தார்: தகப்பனோ அண்ணனோ வேட்டையாடிப் பதப்படுத்திய தோல், தாயோ அக்காளோ தைத்த தையல், பலமுறை வாக்களிக்கப்பட்டுக் கடைசியில் கிடைத்த கதகதப்பு. கடற்கொள்ளையர் ஓவியங்களில் வையெத்துக்குப் பெயர் தந்த ஆரவாரம் இங்கே அடங்கிவிடுகிறது. அதனாலேயே இவற்றை அவருடைய சிறந்த படைப்புகளில் வைக்கிறேன்.

கேள்வி: அவருடைய மகன் ஆண்ட்ரூ வையெத்திடமும் தோரோவின் தாக்கம் உண்டா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: உண்டு. ஆண்ட்ரூ பிறந்தது 1917 ஜூலை 12, அதாவது தோரோ பிறந்து சரியாக நூறு ஆண்டுகள் நிறைந்த நாள். மேற்சொன்ன நூலின் பேனா ஓவியங்களில் அவருடைய கை உண்டு. பென்சில்வேனியா மாநிலத்தின் சாட்ஸ் ஃபோர்டிலும் மெய்ன் மாநிலக் கடலோரத்திலும் தமக்குத் தெரிந்த அண்டை அயலாரையும் அவர்களுடைய வயல்களையும் வீடுகளையுமே அவர் வாழ்நாள் முழுவதும் வரைந்தார். 1948இல் வரைந்த ‘கிறிஸ்டினாஸ் வேர்ல்டு’ ஓவியத்தில், நடக்க இயலாத ஒரு பெண் காய்ந்த புல்வெளியிலிருந்து தொலைவில் உள்ள தன் வீட்டை நோக்கியிருக்கிறாள். அப்பெண்ணும் அவருடைய மெய்ன் அண்டை வீட்டாரில் ஒருவரே.