கஞ்சாவை விட நினைக்கிறேன், ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வருமா?

கேள்வி: எனக்கு 26 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். ஒன்றரை வருடம் முன்பு அப்பா திடீரென்று இறந்ததிலிருந்து ராத்திரி கஞ்சா இழுத்தால்தான் தூக்கம் வருகிறது. நிறுத்தினால் கோபமும் அழுகையும் அடங்குவதில்லை. அரசு மருத்துவமனைக்குப் போனால் போலீஸில் சொல்லிவிடுவார்களோ என்று பயம். அம்மா (அவரும் சரியாகத் தூங்குவதில்லை) இணையத்தில் ஒரு மறுவாழ்வு மையத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். மூன்று மாதம் உள்ளேயே இருக்க வேண்டுமாம், முன்பணம் 40,000 ரூபாய். சேரலாமா?

பதில்: தம்பி, அந்த 40,000 ரூபாயைக் கட்டாதீர்கள். கஞ்சா மட்டும்தான் என்றால் பெரும்பாலானவர்களுக்கு உள்ளே படுக்க வேண்டிய தேவையே கிடையாது, வேலைக்குப் போய்க்கொண்டே வாரம் ஒருமுறை புறநோயாளியாக வந்து பார்த்துக்கொள்ளலாம்.

போலீஸ் பயத்தை முதலில் விடுங்கள். மருத்துவரிடம் சொல்வதை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது: சிறிதளவு வைத்திருந்ததாக வழக்கே இருந்தாலும், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை எடுத்து முடிப்பவருக்கு அது பாதுகாப்பு தருகிறது. இதை எந்தச் சுவரிலும் யாரும் எழுதி வைப்பதில்லை. போதை ஒழிப்பு உறுதிமொழி, ஊர்வலம் எல்லாம் நடக்கிறது, ஆனால் பயந்துகொண்டு வாசல்வரை வரும் பையனிடம் ‘உள்ளே வா, உன்னைப் பிடிக்க மாட்டார்கள்’ என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. எனக்கு வருடக்கணக்காக இருக்கும் ஆதங்கம் இது.

சரி, உங்கள் கோபமும் அழுகையும். தினமும் புகைத்துப் பழகிய உடம்பு, நிறுத்திய ஓரிரு நாளில் முரண்டு பிடிக்கும். எரிச்சல், தூக்கமின்மை, பயங்கரக் கனவுகள், பசியின்மை எல்லாம் வரும். முதல் வாரம்தான் மோசம், இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும், தூக்கம் மட்டும் சிலருக்கு இன்னும் கொஞ்சநாள் இழுக்கும். அதனால் நான்காவது நாள் வரும் அழுகை முழுவதும் அப்பாவுக்கான துக்கம் அல்ல, அதில் பாதி உடம்பு கேட்கும் கஞ்சாதான். இது தெரியாமல் ‘இது இல்லாவிட்டால் நான் இப்படித்தான்’ என்று முடிவுகட்டி, அந்த நாலாவது நாளே மறுபடி பொட்டலம் தேடிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வாரங்களைத் தாண்டியபின் மிஞ்சுகிறதே, அதுதான் ஒன்றரை வருடமாக மூடி வைத்த துக்கம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு. கஞ்சாவை விடவைக்கவென்று தனி மாத்திரை கிடையாது, பேசித்தான் சரிசெய்கிறோம், மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்து.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கஞ்சாவோடு தினமும் குடிக்கிறீர்களா? கடையில் சீட்டில்லாமல் வாங்கும் தூக்க மாத்திரை, அல்பிரசோலம் டயசெபாம் வகை, மாதக்கணக்காக ஓடுகிறதா? அப்படியென்றால் வீட்டில் உட்கார்ந்து ஒரே நாளில் நிறுத்தவே கூடாது. வலிப்பு வரும், புத்தி பேதலிக்கும், உயிரே போகலாம். கஞ்சாவை ஒரே நாளில் நிறுத்தினால் அவஸ்தைதான், ஆனால் இவற்றை அப்படி நிறுத்துவது ஆபத்து. ‘பீர்தானே சார், அதெல்லாம் கணக்கில்லை’ என்பார்கள், தினமும் என்றால் பீரும் கணக்குத்தான். மருத்துவரிடம் இதை மறைக்காதீர்கள், அப்போது சில நாள் படுக்கச் சொன்னால் படுங்கள்.

இப்போது அந்த மையம். இணையத்தில் கிடைக்கும் எண் பல நேரம் மையத்தின் எண்ணே அல்ல, ஆள் சேர்த்துக் கமிஷன் வாங்கும் தரகருடையது. அம்மா அழுதுகொண்டே பேசுவார், அந்த ஆள் ‘இன்னைக்கே வண்டி அனுப்பறோம்மா’ என்பார், நள்ளிரவில் நாலு பேர் வந்து பையனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். போனைப் பிடுங்கிவிடுவார்கள், மருத்துவர் எப்போது வருவார் என்று கேட்டால் பதில் இருக்காது. என்னிடம் வந்த ஒரு பையனின் கையில் அடிபட்ட தழும்பு இருந்தது, இழப்பு தாங்காமல் புகைக்க ஆரம்பித்தவனை அடித்துத் திருத்தப் பார்த்திருக்கிறார்கள்! மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். தானாகச் சேர்ந்தவர் கேட்டால் வெளியே விட வேண்டும் என்பதும், சங்கிலி போடக்கூடாது என்பதும் சட்டம். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி என்று யாராவது விற்றால் அம்மாவை வாங்க விடாதீர்கள், அதில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது.

இன்று ராத்திரியே 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், அரசு நடத்துவது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். சாகத் தோன்றினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவுக்குக் காலையிலேயே போங்கள். கூட்டம் இருக்கும், முதல் நாள் மருத்துவர் உங்களோடு ஐந்து நிமிடம் பேசினாலே பெரிது, அது உங்கள் தவறும் இல்லை அவர் தவறும் இல்லை, இத்தனை பேருக்கு இத்தனை மருத்துவர் போதும் என்று நினைப்பவர்களின் தவறு. அதனால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எவ்வளவு, வேறென்ன பழக்கம், அப்பா இறந்த தேதி, வீட்டில் யாருக்காவது மனநோய் உண்டா. ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காவிட்டால் மாத்திரைச் சீட்டோடு அனுப்பிவிடுவார்கள்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரும் தூங்குவதில்லை என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர்கள், அவருக்கும் ஒரு ஓ.பி. சீட்டு வாங்குங்கள்.