கெட்டுப்போகிற லிங்க்

அண்ணா, வணக்கம்.

எல்லையோரம் ஒரு சமுதாய வானொலியில் வேலை பார்க்கிறேன். மொத்தம் மூன்று பேர்தான் இருக்கிறோம். மாலை நிகழ்ச்சிக்கான லிங்க்குகளை (பாட்டுகளுக்கு நடுவில் வரும் பேச்சை) மதியமே பேசிப் பதிந்து, ஒலிபரப்பைத் தானே ஓட்டும் ரிவெண்டெல் மென்பொருளில் ஏற்றிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவோம். இப்போது எங்கள் பொறுப்பாளர் புது மென்பொருள் வாங்கலாம் என்கிறார். நம் குரலையே நகலெடுத்து வைத்துக்கொண்டு, எழுதிக் கொடுத்தால் அதுவே பேசுமாம். இன்னும் என்னென்னமோ வரப்போகிறது என்று ஒரு பட்டியலும் காட்டினார். பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. நீங்கள் வானொலியில் இருந்தவர், என்ன சொல்கிறீர்கள்? பெயர் போட வேண்டாம்.

சித்தூரிலிருந்து ஒரு வாசகி (பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திராவில் இருப்பது இல்லை)

அன்புள்ள தங்கச்சி,

நான் மாட்டிக்கொண்ட கதை ஒன்று இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன். நிலையத்தின் பெயர் வேண்டாம், அதன் மேல் தப்பும் இல்லை. ஆழியாற்றிலிருந்து நம் சித்தூர்ப் பக்கத்துக்கு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் என்று தமிழ்நாடு-கேரள ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஆனால் எந்தத் தேதியில் எந்தக் கால்வாயில் வரும் என்பதுதான் நம் ஊர்க்காரனுக்கு வேண்டிய சேதி. ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்து, மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து வலதுகரைக் கால்வாயில் நாளைக் காலை தண்ணீர் விடுகிறார்கள் என்று இரண்டு பாட்டுக்கு நடுவில் உற்சாகமாகப் பேசிப் பதிந்துவிட்டுக் கிளம்பினேன். நாலு மணிக்குத் திறப்பு தள்ளிப்போனது. நான் பஸ்ஸில் இருந்தேன். ஏழேகாலுக்குக் கம்ப்யூட்டர் என் குரலில், அதே உற்சாகத்தோடு, தண்ணீர் வருகிறது என்று சொன்னது. மறுநாள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவர் போன் செய்தார். தக்காளி நாற்று வாங்கி வைத்து, நடுவதற்கு நாலு பேரைக் கூலிக்கும் சொல்லிவிட்டாராம். "உங்க குரல்தானே, நீங்கதானே சொன்னீங்க" என்றார். என்ன பதில் சொல்வது?

மென்பொருள் அன்று ஒரு பிழையும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். வாய்ஸ் ட்ராக்கிங், அதாவது இப்படி முன்கூட்டியே பேசி வைப்பது, நல்ல விஷயம்தான். முதல் பாட்டின் கடைசி சில விநாடி காதில் ஓட, அதன் மேல் நீங்கள் பேச, அடுத்த பாட்டின் முன்னிசையில் சரியாக வந்து நிறுத்த, எது எங்கே தொடங்கி எதன் மேல் ஏற வேண்டும் என்பதை அது குறித்துக்கொள்கிறது. மூன்று மணி நேர நிகழ்ச்சிக்கான பதிவு அரை மணியில் முடிந்துவிடும். மூன்று பேர் நடத்தும் நிலையத்துக்கு வேறு வழியும் கிடையாது. ஒரே சிக்கல், 'இப்போது' என்று நீங்கள் மதியம் சொன்னது கேட்கிறவருக்கு மாலை 'இப்போது' ஆகிவிடுகிறது. பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்துப் பாருங்கள்: பேசுவதற்கும் கேட்பதற்கும் நடுவில் இருக்கும் நேரத்தை இது குறைக்கிறதா, கூட்டுகிறதா?

போனிலிருந்தே லிங்க் பேசி ஏற்றுவது குறைக்கிறது. அன்று அது இருந்திருந்தால் பஸ்ஸிலிருந்தே திருத்தியிருப்பேன், பின்னால் கண்டக்டர் கத்துவது கேட்டிருக்கும், கேட்டால் என்ன? ஆனால் மொத்த நிலையத்தையும் கிளவுடில் வைத்து ஓட்டுவது என்றால் எனக்குச் சம்மதமில்லை. மழைக்காலத்தில் நம் பக்கம் நெட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். லாக்கும் (எது எப்போது ஓடும் என்ற பட்டியலும்) பாட்டும் உங்கள் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும், நெட் போனாலும் ஒலிபரப்பு போகக்கூடாது.

பாட்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தானே குறிப்பது, பழைய கேசட் பாட்டையும் புதுப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவருவது, இதெல்லாம் வரட்டும், கைவேலை மிச்சம். நாதஸ்வரம் மெல்லத் தேய்ந்து அடங்கும் இடத்தை மட்டும் மெஷின் பாட்டு முடிந்தது என்று வெட்டிவிடலாம், அங்கே உங்கள் காதை நம்புங்கள். பேச்சைத் தானே எழுத்தாக்குவதும் நமக்கு உதவும், ஏனென்றால் ஒலிபரப்பியதை மூன்று மாதம் பத்திரப்படுத்த வேண்டும் என்று சமுதாய வானொலி விதியே இருக்கிறது, யாராவது கேட்டால் தேடி எடுக்கலாம். ஆனால் நம் ஊர் பேச்சு பாதி தமிழ், இடையில் மலையாளம். நான் ஒரு முறை சோதித்தபோது மூலத்தறை 'மூலத்தரை' ஆனது. அது பரவாயில்லை, வேலந்தாவளம் என்ற ஊர்ப் பெயர் என்ன ஆனது என்று இங்கே எழுத முடியாது.

குரல் நகல் விஷயத்துக்கு வருகிறேன். போலந்தில் கிராகோவ் நகரத்து வானொலி ஒன்று 2024 அக்டோபரில் ஆட்களை நீக்கிவிட்டு ஏஐ தொகுப்பாளர்களை வைத்தது, 2012இல் இறந்துபோன கவிஞர் சிம்போர்ஸ்காவைப் 'பேட்டி' கூட எடுத்தது. எதிர்ப்பு கிளம்பிச் சில நாட்களிலேயே நிறுத்திவிட்டார்கள். சிட்னியில் ஒரு நிலையம் மாதக்கணக்கில் ஏஐ குரலை ஓட்டியது, கேட்டவர்களுக்கு அது 2025இல்தான் தெரிந்தது. இதெல்லாம் பெரிய ஊர்க் கதை. நம் ஊரில் கேள்வி வேறு: அந்தக் குரல் நீங்கள் எழுதிக் கொடுத்ததைத்தான் பேசும், நாலு மணிக்குத் தண்ணீர் தள்ளிப்போனதை அதற்கு யார் எழுதிக் கொடுப்பார்? எழுத ஒருவர் அங்கே இருந்தால் அவரே மைக் முன்னால் உட்கார்ந்து பேசிவிடலாமே. அப்புறம், வேலையை விட்டுப் போனபிறகும் உங்கள் குரல் அங்கே பேசிக்கொண்டிருக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதில் கூச்சப்படாதீர்கள்.

இன்றைக்கே செய்ய ஒரு வேலை இருக்கிறது, புதுசாக எதுவும் வாங்க வேண்டாம். ரிவெண்டெலில் ஒவ்வொரு கட்டுக்கும் (பதிவுத் துண்டுக்கும்) தொடங்கும் தேதி, முடியும் தேதி போட இடம் இருக்கிறதல்லவா, அதை விளம்பரத்துக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு விட்டுவிடுகிறோம். தண்ணீர், மின்தடை, பஸ் ஓடாதது மாதிரிக் கெட்டுப்போகிற சேதியை லிங்க்குக்குள் பேசாதீர்கள். தனியாகப் பதிந்து, தனிக் கார்ட்டாக (பதிவுத் துண்டை வைக்கும் தனிப் பெட்டி மாதிரி) வைத்து, தேதி போடுங்கள். லிங்க்கில் பாட்டையும் நேயர் பெயரையும் மட்டும் வையுங்கள். சேதி மாறினால் இரவு டிரான்ஸ்மிட்டர் பார்க்கிறவருக்கு ஒரு போன் போட்டு அந்த ஒரு கார்ட்டை மட்டும் எடுக்கச் சொல்லலாம், மற்றதெல்லாம் அப்படியே ஓடும். நான் அந்தத் தக்காளி நாற்றுக்குப் பிறகுதான் இதைச் செய்ய ஆரம்பித்தேன்.

புது மென்பொருளை டெமோ காட்ட வருகிறவரிடம் குரல் எவ்வளவு இனிமை என்று கேட்காதீர்கள். ஏழேகாலுக்கு ஒலிக்க வேண்டிய லிங்க்கை ஏழு மணிக்குப் பஸ்ஸில் இருந்துகொண்டே போனில் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் எனக்கும் எழுதுங்கள், நானும் வந்து பார்க்கிறேன்.